சுவர் தாண்டி வந்த இணையம்

2020 ஆகஸ்ட். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக்கிடந்த நேரம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சலினாஸ் நகரில், ஒரு துரித உணவகத்தின் வெளியே நடைபாதையில் உட்கார்ந்து இரண்டு சிறுமிகள் மடிக்கணினியில் பாடம் படித்தார்கள். வீட்டில் இணைப்பு இல்லை. உணவகத்தின் வைஃபை சுவர் தாண்டியும் எட்டியது. அந்தக் காட்சியின் படம் நாடெங்கும் பரவிய பிறகு, பள்ளி நிர்வாகம் அவர்களுக்கு இணைப்புக் கருவி கொடுத்தது.

சலினாஸ், லெட்யூஸ் கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் பூமி. வயற்கூலிகள் நிறைந்த ஊர். கணினி உலகின் தலைநகரான சிலிக்கான் பள்ளத்தாக்கோ, அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான்!

வீட்டில் இணையம் இல்லாதவர்களில், அது வேண்டாம் என்று ஒதுங்குபவர்களும் உண்டு. ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்தாரில் பலர் மத நம்பிக்கையால் தவிர்க்கிறார்கள்; சில முதியவர்களுக்கு அதில் நாட்டமே இல்லை. ஆனால் மாதக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

அத்தகைய குடும்பங்களுக்காகவே அமெரிக்க அரசு மாதம் 30 டாலர் வரை கட்டணச் சலுகை தந்தது. 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. புதிதாக நிதி ஒதுக்கப்படாததால், 2024 ஜூன் 1-ஆம் தேதி அந்தத் திட்டம் நின்றுபோனது.