பொழுதுபோக்குக் குழுக்களில் அரசியல் பேச்சு: விதியை எழுதுவது யார்?

கம்பளி நூல் பின்னுவோரும் குரோஷே வேலை செய்வோரும் கூடும் பெரிய இணையச் சந்திப்பிடங்களுள் ஒன்றான ராவல்ரி, 2019ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்புக்கும் அவரது நிர்வாகத்துக்கும் ஆதரவான எதையும் இனி அனுமதிப்பதில்லை என்பதே அந்த அறிவிப்பு. உரையாடல்களுடன், உறுப்பினர்கள் பதிவேற்றும் பின்னல் வடிவங்களுக்கும் அவர்களது தன்விவரப் பக்கங்களுக்கும் இத்தடை பொருந்தும் என்று கூறப்பட்டது.

2007ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஒரு தம்பதியர் தொடங்கிய இந்நிறுவனத்தில், தடை அறிவிக்கப்பட்ட வேளையில் சுமார் 80 லட்சம் பேர் உறுப்பினராகப் பதிவு செய்திருந்தனர். 2016 தேர்தலில் டிரம்புக்கு வாக்களித்த அமெரிக்கர்களோ ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேர். தொப்பியும் காலுறையும் பின்னுவதற்காகக் கூடும் ஓரிடம், நாட்டின் அதிபரை ஆதரித்துப் பேசக் கூடாது என்று சொல்லலாமா என்ற கேள்வி உடனடியாக எழுந்தது.

சட்டத்தின் கண்ணோட்டத்தில் இதற்கு விடை காண்பது கடினமன்று. நியாயத்தின் கண்ணோட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பழைய மரபு

பொழுதுபோக்குக்காகக் கூடுமிடத்தில் அரசியல் பேசலாகாது என்பது பழைய ஏற்பாடு. ஃபிரீமேசன் அமைப்பினருக்காக 1723இல் லண்டனில் வெளியிடப்பட்ட விதிநூல், மதம், தேசம், ஆட்சி குறித்த சச்சரவுகளை மன்றத்தின் வாசலுக்குள் கொண்டுவரலாகாது என்று கட்டளையிட்டது. மன்னர் குலத்தின் உரிமையை முன்வைத்து 1715இல்தான் பிரிட்டனில் ஒரு கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. எதிரெதிர் அணியினர் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டுமானால் சிலவற்றைப் பேசாதிருப்பதே வழி என்று அவ்விதியை எழுதியவர்கள் கருதினர்.

இந்த ஏற்பாட்டுக்குப் பயன் உண்டு. ஆனால் எது அரசியல் என்பதை யாரேனும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். தபால்தலை சேகரிப்போர் மத்தியில், தைவான் வெளியிட்ட தபால்தலையை எந்த நாட்டின் பெயரின் கீழ் வரிசைப்படுத்துவது என்பதே ஓர் அரசியல் முடிவாகிவிடுகிறது. ஒருவருக்கு அன்றாட வாழ்க்கையாக இருப்பது மற்றவருக்கு அரசியலாகத் தோன்றலாம். அரசியல் வேண்டாம் என்ற விதியின் சுமை, ஏற்கெனவே சர்ச்சைக்குரியவர்களாகக் கருதப்படுவோர் மீதே பெரும்பாலும் விழுகிறது.

பின்னல் வேலையும் இதற்கு விலக்கன்று. 1760களின் பிற்பகுதியில் அமெரிக்கக் குடியேற்றங்களில் பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்த பெண்கள், கூட்டமாக அமர்ந்து நூல் நூற்றனர். இராட்டையை ஒரு விடுதலை இயக்கத்தின் சின்னமாக அறிந்த தமிழர்களுக்கு இது வியப்பளிக்காது. டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 2017 ஜனவரி 21 அன்று, வாஷிங்டனில் நடந்த மகளிர் பேரணியில் பல்லாயிரக்கணக்கானோர் அணிந்திருந்த இளஞ்சிவப்புத் தொப்பிகளின் பின்னல் முறை முன்னதாகவே இலவசமாகப் பகிரப்பட்டிருந்தது.

2019 ஜனவரியில் வேறொரு விவாதமும் மூண்டது. இந்தியாவுக்குச் செல்லவிருந்த பின்னல் வணிகர் ஒருவர் அப்பயணத்தைச் செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்வதோடு ஒப்பிட்டு எழுத, பின்னல் உலகில் நிலவும் இனப் பாகுபாடு குறித்து வெள்ளையர் அல்லாதோர் பலர் வெளிப்படையாகப் பேசினர். அவர் பின்னர் மன்னிப்புக் கோரினார். இத்தகைய சூழலில்தான் ராவல்ரியின் தடை வந்தது.

பெயர் சொல்லித் தடுத்த விதி

ராவல்ரி தனது விதியைத் தானாக உருவாக்கவில்லை. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் ஆர்வமுள்ளோர் கூடும் ஆர்பிஜி நெட், 2018 அக்டோபரிலேயே இத்தகைய தடையை அறிவித்திருந்தது. அதிலிருந்தே தனது விதியை எடுத்துக்கொண்டதாக ராவல்ரி ஒப்புக்கொண்டது. வெளிப்படையான வெள்ளையின மேலாதிக்கத்துக்கு ஆதரவை அனுமதித்துக்கொண்டு அனைவருக்குமான இடமாக இருக்க முடியாது என்பது அதன் வாதம்.

அதே வேளை, விதிக்குச் சில எல்லைகளும் வகுக்கப்பட்டிருந்தன. குடியரசுக் கட்சியினர் தடை செய்யப்படவில்லை, ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவு அளிக்கப்படவுமில்லை என்று கூறப்பட்டது. டிரம்பின் ஆதரவாளர்கள் அதைப் பற்றிப் பேசாதவரை உறுப்பினர்களாக நீடிக்கலாம். அவர்களைத் தூண்டிப் பேசவைத்துச் சிக்கவைப்பது கூடாது. நிரந்தரமாக நீக்கப்பட்டவரும் தாம் விலைகொடுத்து வாங்கிய பின்னல் வடிவங்களை இழக்கமாட்டார். அவரது பதிவுகளின் பிரதியும் அவருக்கு வழங்கப்படும்.

இந்தக் கடைசி உறுதிமொழி சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த குறிப்புகளும், வடிவங்களை விற்றுக் கிடைக்கும் வருமானமும், வேறெங்கும் சந்தித்திராத நண்பர்களும் ஒரே இடத்தில் இருக்கும்போது, அங்கிருந்து வெளியேற்றப்படுபவர் இழப்பது பேசும் வாய்ப்பை மட்டுமன்று.

விதியின் பலவீனமும் தெளிவானது. குறிப்பிட்ட நடத்தையைத் தடுப்பதற்குப் பதிலாக அது ஒரு தலைவரின் பெயரைத் தடுத்தது. இனவெறிப் பேச்சுக்கும் வரிக் கொள்கைக்கு அளிக்கப்படும் ஆதரவுக்கும் இடையிலான வேறுபாடு இதனால் மறைந்துபோயிற்று.

பெயர் சொல்லாத விதி

இதற்கு நேர்மாறான சிக்கல் அதே ஆண்டு அக்டோபரில் வெளிப்பட்டது. ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டப் போட்டியில் ஆடிய ஹாங்காங் வீரர் பிளிட்ஸ்சுங், ஆட்டத்துக்குப் பிந்தைய நேர்காணலில் முகமூடி அணிந்து தோன்றி, ஹாங்காங் போராட்டக்காரர்களின் விடுதலை முழக்கத்தை எழுப்பினார். ஆட்டத்தை நடத்தும் அமெரிக்க நிறுவனமான பிளிசார்ட் அவரை ஓராண்டுக்குத் தடை செய்து, பரிசுப் பணத்தையும் நிறுத்திவைத்தது. நேர்காணல் நடத்திய இருவரும் தண்டிக்கப்பட்டனர்.

இதற்குப் பயன்படுத்தப்பட்ட விதியில் அரசியல் என்ற சொல்லே இல்லை. பொதுமக்களில் ஒரு பிரிவினரைப் புண்படுத்தும் அல்லது நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் செயல் எது என்பதை நிறுவனமே தன் விருப்பப்படி தீர்மானிக்கலாம் என்றது அது. சீனச் சந்தையை மனத்தில் கொண்டே முடிவெடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்பு வலுத்ததும், சில நாட்களிலேயே தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டு, பரிசுப் பணம் திருப்பியளிக்கப்பட்டது. விதி மாறாமலேயே தண்டனை பாதியானது, விதியின் தெளிவின்மைக்குச் சான்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் மன்றங்களை அன்று. ராவல்ரி அறிவிப்புக்கு ஆறு நாட்கள் முன்பு, 2019 ஜூன் 17 அன்று, நியூயார்க் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் இதை மீண்டும் வலியுறுத்தியது. பிறரது பேச்சுக்கு இடமளிப்பதாலேயே ஒரு தனியார் அமைப்பு அரசாகிவிடுவதில்லை என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அது தீர்ப்பளித்தது.

அரசியல் கருத்துக்காக ஒருவரை நீக்குவதைத் தடுக்கும் நோக்கில் டெக்சாஸ் மாநிலம் 2021இல் ஒரு சட்டத்தை இயற்றியது. அது அமெரிக்காவில் மாதம் 5 கோடிக்கும் அதிகமான பயனாளர்களைக் கொண்ட பெரு நிறுவனங்களை இலக்காகக் கொண்டது. பின்னல் குழுக்கள் அதன் வரம்புக்குள் வரவே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம் வேறொரு பாதையில் செல்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள இச்சட்டம், எதைப் பேசலாம் என்று இவ்வமைப்புகளுக்குக் கட்டளையிடுவதில்லை. விதி தெளிவாக எழுதப்பட வேண்டும், நீக்கப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அது கோருகிறது. ஆயினும் உள்ளக முறையீட்டு ஏற்பாட்டைக் கட்டாயமாக்கும் பிரிவிலிருந்து சிறு நிறுவனங்களுக்கு விலக்களித்துள்ளது. பொழுதுபோக்குக் குழுக்களில் பெரும்பாலானவை சிறு நிறுவனங்களாலோ தன்னார்வலர்களாலோ நடத்தப்படுபவை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

முறையீடு சாத்தியம் என்பதற்குச் சதுரங்க உலகில் உதாரணம் உண்டு. யுக்ரேன் மீதான படையெடுப்பை ஆதரித்துப் பேசிய ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் செர்கெய் கர்யாகினை, சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஒழுங்காற்று ஆணையம் 2022 மார்ச்சில் ஆறு மாதங்களுக்குத் தடை செய்தது. அதே விசாரணையில் மற்றொரு ரஷ்ய கிராண்ட்மாஸ்டரான செர்கெய் ஷிபோவ் குற்றமற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டார். கர்யாகின் தரப்பு மேல்முறையீடு செய்து தோற்றது. முடிவை ஏற்காதவர்களும், அது எந்தக் காரணங்களின் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்பதை வாசித்தறிய முடிந்தது.

அரசியல் அறவே நுழையாத குழுவை உருவாக்க இயலாது. எல்லா அரசியலையும் தாங்கும் குழுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே ஏதோ ஒரு கோடு கிழிக்கப்படத்தான் போகிறது. அந்தக் கோடு முன்கூட்டியே எழுதப்பட்டதா, நடத்தையைக் குறிக்கிறதா, நீக்கப்படுபவர் தமது உழைப்பின் பலனை எடுத்துச் செல்லலாமா, தவறு நேர்ந்தால் முறையிட இடமுண்டா என்ற நான்கு கேள்விகளை உறுப்பினர்கள் சேரும்போதே கேட்பது நல்லது. வெளியேற்றப்பட்ட பின்னர் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் பல இடங்களில் எவருக்கும் இல்லை.