பிரெய்ல் நோட்டேக்கரா, மடிக்கணினியா? பார்வையற்ற மாணவருக்கு எது கைகொடுக்கும்?

எஸ்பிஎம் முடித்துக் கல்லூரிக்குப் போகும் பார்வையற்ற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: பிரெய்ல் நோட்டேக்கர் வாங்குவதா, மடிக்கணினி வாங்குவதா? கையில் இருக்கும் சேமிப்பு ஒன்றுதான். தவறான பொருளை வாங்கிவிட்டால், அடுத்ததை வாங்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

நோட்டேக்கர் என்பது கையடக்கமான கணினி. பிரெய்லில் தட்டெழுத விசைகளும், தடவிப் படிக்க வரிசையாகப் பிரெய்ல் கட்டங்களும் அதில் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எட்டுச் சிறு முனைகள். மின்சாரம் பட்டால் வளையும் படிகத் துண்டுகள் அம்முனைகளை ஏற்றி இறக்குவதால், விரலுக்கு அடியிலேயே எழுத்துகள் மாறுகின்றன. 32 கட்டங்கள் என்றால் 256 முனைகள். விலை ஏறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ‘பிரெய்ல்நோட் டச் பிளஸ்’ போன்ற 32 கட்டக் கருவியின் விலை 5,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரிங்கிட் அல்லது அதற்கும் மேல்.

மடிக்கணினியின் கதை வேறு. 2,000 முதல் 2,500 ரிங்கிட்டுக்குள் நல்ல கணினியே கிடைக்கும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ‘என்விடிஏ’ மென்பொருள் இலவசம். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் அதை உருவாக்கத் தொடங்கினார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் அதில் கேட்க முடியும். சக மாணவர்கள் பயன்படுத்தும் வேர்ட், எக்செல், கல்லூரி இணையத்தளம் எல்லாவற்றையும் அதே கணினியில் திறக்கலாம். விசைப்பலகை பழுதானால் பக்கத்துப் பட்டணத்துக் கடையிலேயே சரிசெய்யலாம். நோட்டேக்கர் பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை வரலாம்.

அப்படியானால் மடிக்கணினியே போதுமா? இங்கேதான் பலர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். காதால் கேட்பது வேறு, எழுத்தைப் படிப்பது வேறு. ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் கணினிக் குரல் வேகமாகச் சொன்னால் வேறுபாடு எளிதில் பிடிபடாது. ல, ழ, ள குழப்பமும் அப்படித்தான். பிரெய்லில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. விரல் தொட்டதும் எழுத்துத் தெரிந்துவிடும். கேட்டு மட்டுமே வளரும் பிள்ளைக்கு எழுத்துப்பிழை நிரந்தரத் துணையாகிவிடும் அபாயம் உண்டு. அதோடு, விரிவுரையாளர் பேசும்போது காதில் கணினிக் குரலும் ஒலித்தால் கவனம் இரண்டாகப் பிரியும். விரலால் படிப்பவருக்கு இரண்டு காதுகளும் பாடத்துக்கே.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. மடிக்கணினியோடு ‘பிரெய்ல் டிஸ்பிளே’ எனும் சிறு கருவியை இணைத்துக்கொள்வது. ‘ஆர்பிட் ரீடர் 20’ இதற்கோர் எடுத்துக்காட்டு. 20 கட்டங்கள் கொண்ட இக்கருவியின் விலை நோட்டேக்கர் விலையில் ஒரு சிறு பகுதிதான். கணினி திரையில் காட்டுவது விரலுக்கு வரும், தனியாகவும் குறிப்பெடுக்கலாம்.

யாருக்கு எது பொருந்தும்? எழுத்துப் பழகும் சிறு பிள்ளைக்குப் பிரெய்ல்தான் முதலில், கணினி பிறகு. பிரெய்ல் நன்கு தெரிந்த கல்லூரி மாணவருக்கு மடிக்கணினியும் சிறு டிஸ்பிளேயும் போதும். நீரிழிவால் நடுவயதில் பார்வை இழந்தவருக்கு விரல் நுனி உணர்வும் குறைந்திருக்கலாம். அவருக்குப் பேசும் கணினியே எளிது. நாள் முழுவதும் பிரெய்லிலேயே படித்து, எழுதி, கூட்டங்களில் குறிப்பெடுப்பவருக்கு நோட்டேக்கர் பெரிய வசதி. வாங்கும் செலவுக்கு வழி இருந்தால் மட்டும்.

சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிச் சாதனத் திட்டம் உள்ளது. தகுதி இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது. 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்குகிறது; அங்கும் ஆலோசனை கேட்கலாம்.

எதை வாங்கினாலும், பெற்றோர் மட்டும் போய் முடிவு செய்துவிட வேண்டாம். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தொட்டுப் பார்த்து, ஒரு பக்கம் படித்து, ஒரு பக்கம் எழுதிய பிறகு அந்தப் பிள்ளையே சொல்லட்டும்.