கல்லணையில் இருந்து கடைமடைக்கு, சைக்கிளில்

எனக்கு 12 மா நிலம். பூம்புகாருக்கு மேற்கே, காவிரித் தண்ணி கடைசியாக எட்டிப்பார்க்கிற ஊர். எட்டிப்பார்க்கிற என்றுதான் சொல்லணும். சில வருஷம் அதுவும் கிடையாது. கிழக்கே இருந்த கொல்லைகள் ஒவ்வொன்றாக இறால் குட்டையாகிவிட்டன. 1990களில் கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் தம்பதியர் எங்கள் பக்கத்தில் இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடியது மூத்த உழவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றவன்தான். அப்படிப்பட்ட என்னிடமே போன தை மாசம் ஒருத்தர் வந்து, "உங்க 12 மாவையும் லீசுக்குக் குடுங்க, மாசி பிறந்ததும் முன்பணம் தர்றேன்" என்றார்.

பையன் போனில் சொன்னான், "ப்பா, ரெண்டு வருஷமா இயற்கை விவசாயம்னு போட்டு என்னத்த எடுத்தீங்க? குடுத்துட்டு நிம்மதியா இருங்க." அவன் சொன்னதில் தப்பு இல்லை. ரசாயனத்தை விட்ட முதல் இரண்டு வருஷமும் விளைச்சல் விழுந்ததுதான். பேசாமல் போனை வைத்துவிட்டேன்.

வைக்கோல் ஏற்றத் திருக்காட்டுப்பள்ளி பக்கம் போன குட்டியானையில் என் பழைய சைக்கிளைத் தூக்கிப் போட்டு நானும் ஏறிக்கொண்டேன். "எங்க போறீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். "தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு வர்றேன்" என்றேன். 58 வயதில் இது என்ன கூத்து என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு

கல்லணையில் இருந்து பூம்புகார் சுமார் 130 கிலோமீட்டர். நான் நாலு நாள் எடுத்துக்கொண்டேன். திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை என்று மூன்று இரவுத் தங்கல். ஆறு கடலுக்கு இறங்குவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுதான். ஏற்றம், இறக்கம் எதுவும் காலுக்குத் தெரியாது. ஆனால் தை, மாசியில் காற்று கிழக்கில் இருந்து வருகிறது. நாமும் கிழக்கு நோக்கித்தான் மிதிக்கிறோம். பத்து மணிக்கு மேல் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் சைக்கிள் நகராது. அதனால் விடியலில் கிளம்பி, வெயில் ஏறும்போது ஏதாவது ஒரு மரத்தடியில் படுத்துவிடுவேன்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நான் கல்லணைக்குப் போனபோது மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நாலும் பிரிகிற இடத்தில் தண்ணி அடங்கிக் கிடந்தது. தண்ணி இல்லாத நேரத்தில்தான் ஆற்றின் அமைப்பு நன்றாகத் தெரிகிறது.

கோவிலடி தாண்டித் திருக்காட்டுப்பள்ளி. நம்மாழ்வார் ஐயா பிறந்த இளங்காடு இந்தப் பக்கம்தான். படுகை முழுக்க வாழை. இங்கே குடமுருட்டி பிரிகிறது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது: போகிற வழியில் எத்தனை மதகு இருக்கிறது, எண்ணிப் பார்ப்போமே என்று. எங்கள் ஊரில் உட்கார்ந்து, "மேல்மடைக்காரன் தண்ணியை அமுக்கிடுறான்" என்று முப்பது வருஷமாகத் திட்டிய ஆள் நான். கையோடு எண்ணிக்கை இருந்தால் திட்ட வசதியாக இருக்குமே!

சைக்கிள் காட்டுகிற வயல்

பஸ்ஸில் போனால் பச்சை மட்டும் தெரியும். மோட்டார் சைக்கிளில் காற்றுச் சத்தம்தான். சைக்கிளில் போனால் வயலின் வாசம் தெரிகிறது. மருந்து அடித்த வயலைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், மூக்கு எரியும். இன்னொன்று, சிலந்தி வலை. விடியலில் பனி விழுந்த வரப்புப் புல்லில் வெள்ளை வெள்ளையாக வலை பின்னியிருக்கும். சில வயலில் ஒரு வலைகூட இருக்காது. பக்கத்து வரப்பில் நூறு இருக்கும். எங்கே மருந்து நின்றிருக்கிறது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கபிஸ்தலம் பக்கம் ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள். வயல்காரப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்னு சும்மாவா சொன்னாங்க தம்பி" என்றார். என்னை தம்பி என்று கூப்பிட ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷம் விளைச்சல் விழுந்த கதையைச் சொன்னேன். "கிடை போட்டியா? தக்கைப்பூண்டு மடக்கி உழுதியா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. யூரியாவை மட்டும் நிறுத்தியிருந்தேன். "அப்ப நீ நிலத்தைப் பட்டினி போட்டிருக்க" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

குத்தாலத்துக் கணக்கு

கும்பகோணம் தாண்டியதும் ரோட்டில் பாதி நெல்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் கொண்டுபோகணும் என்று விடிய விடியக் காயப்போடுகிறார்கள். நெல் மேல் சக்கரம் ஏற்ற மனசு வராது. இறங்கித் தள்ளினேன். 1922-ல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்த ஆடுதுறை வழியாகத்தான் பாதை. அந்த ஊர் பெயர் போட்ட ரகங்களைத்தான் நானும் இத்தனை காலம் விதைத்தேன்.

குத்தாலத்துக்கு முன்னால் பஞ்சர். ஒட்டுகிற நேரத்தில், பக்கத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த அம்மா கேட்டார், "எந்த ஊருண்ணே?" சொன்னேன்.

"அங்கல்லாம் தண்ணி வருதாண்ணே?"

"எங்கம்மா வருது? நீங்க விட்டாத்தானே!"

சிரித்தார். "எங்க வாய்க்காலே நெய்வேலிக் காட்டாமணக்கு அடைச்சுக் கெடக்கு. நாங்களே இறைச்சுத்தான் கதிரைக் காப்பாத்துனோம். எங்களுக்கு மேல இருக்கிறவங்களை நாங்க திட்டுறோம், நீங்க எங்களைத் திட்டுறீங்க."

மதகு எண்ணிக்கை எனக்கு அங்கேயே விட்டுப்போனது. எழுபதோ எண்பதோ தாண்டியிருக்கும். திருடினால் நாலு பேரைச் சொல்லலாம். இது பங்கு பிரிந்து பிரிந்து கரைகிற ஆறு. கடைசி ஆளுக்கு மிச்சம்தான் வரும். அந்த மிச்சத்தை நம்பி, மேல்மடைக்காரன் போடுகிற அதே ரகத்தை, அவன் போடுகிற அதே முறையில் உப்புத் தரையில் நட்டது நான் செய்த தப்பு.

அந்த அம்மாவே ஒரு வீட்டைக் கைகாட்டினார். பாரம்பரிய நெல் போடுகிற உழவர். அவரிடம் குழியடிச்சான் இருந்தது. உப்பையும் வறட்சியையும் தாங்குகிற ரகம், கடற்கரைப் பக்கத்துக்கென்றே இருந்த நெல். நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் திருவிழாவில் செய்த மாதிரியே 2 கிலோ அளந்து மஞ்சள் பையில் கட்டினார். "அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். காசு வேணாம்" என்றார்.

வீடு

நாலாம் நாள் மேலையூர் கடையணையில் சைக்கிளை நிறுத்தினேன். கல்லணையில் அத்தனை அகலமாக இருந்த ஆறு இங்கே வாய்க்கால் அளவுதான். முதல்முறையாக அதைப் பார்த்துக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பையனுக்குப் போன் போட்டேன். "லீசு வேணாம்டா. 4 கிலோ நெல்லு கடன் வாங்கிட்டேன், அதை அடைக்கணும்."

"அப்புறம் விளையலேன்னா?"

"அப்ப நீ சொல்றதைக் கேக்குறேன்" என்றேன். வாக்குதான், மாற்ற மாட்டேன்.

பங்குனியில் ஒரு மாவை வெட்டிக் குட்டை எடுத்தேன், ஐப்பசி மழையைப் பிடிக்க. இரண்டு மாவுக்குத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறேன், பூக்கிற பருவத்தில் மடக்கி உழணும். அந்த இரண்டு மாவில்தான் குழியடிச்சானை ஒற்றை நாற்றாக நடப்போகிறேன். 2 கிலோ விதை தாராளமாகக் காணும். மற்ற நிலத்துக்கும் மாசியிலேயே கிடைக்குச் சொல்லியாச்சு. விளைந்ததா இல்லையா என்று தை கழிந்ததும் இதே பத்திரிகையில் எழுதுகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு

கியர் சைக்கிள் தேவையில்லை. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், தலைக்குத் துண்டு, தண்ணீர், ஒரு பை போதும். அறுவடைக் காலத்தில் போங்கள், எல்லாரும் வயலில் இருப்பார்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் மிதிக்காதீர்கள், பேச நேரம் இருக்காது. நெல் காயும் ரோட்டில் இறங்கித் தள்ளுங்கள். முடிந்தால் உங்கள் ஊர் விதையில் ஒரு கிலோ கொண்டுபோங்கள், கொடுப்பதற்கு ஆள் கிடைப்பார்கள்.