தோடர் போர்வையும் நினைவுப் படங்களும்

பூத்துக்குளி என்னும் போர்வை போர்த்திய, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் படங்கள் விக்டோரியா காலத்து உதகையில் விலைக்குக் கிடைத்தன. கோடைக்கு மலையேறிய ஆங்கிலேயர் அவற்றை வாங்கி ஆல்பத்தில் ஒட்டினர்.

ரிச்சர்ட் பாரன் வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837இல் லண்டனில் அச்சாயின. பின்னர் ஒளிப்படம் வந்தது. உதகையில் ஸ்டூடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென் தோடர்களைப் பலமுறை படம் எடுத்தார்.

இந்த ஒளிப்படங்களில் நின்று பார்க்க வேண்டியது போர்வையின் கரை. அக்கால ஒளிப்படத் தகடு சிவப்பை உணராது. அதனால் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் ஒரே கருமையாகப் பதிந்துள்ளன. உண்மையில் அந்தக் கரை வெளிர்நிற முரட்டுப் பருத்தித் துணியில், மாதிரி எதுவும் வரையாமல், இழைகளை எண்ணி எண்ணிப் பெண்கள் கையால் இடும் நுட்பமான பூவேலை. கூர்ந்து நோக்கினால் பட்டைகளின் இடையே கோணல்மாணலற்ற வடிவங்கள் தெரியும்.

படத்தின் அடியில் பெரும்பாலும் இனத்தின் பெயர் மட்டுமே உண்டு. நின்றவரின் பெயர் இல்லை. இது பெருங்குறை.

தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரியில் மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் பெண்கள் இன்றும் அதைத் தைக்கிறார்கள்.