முடி போயும் போகாத குலச்செருக்கு

கெய்ஸர் வில்ஹெல்ம் 1918-ல் முடி துறந்தார். மறு வருஷமே ஜெர்மன் அரசியல் சட்டம் பிறப்பால் வரும் சலுகைகளை ரத்து செய்து, பட்டங்களைப் பெயரின் பாகமாக மட்டும் விட்டுவைத்தது. ஆயினும், சமகுல விவாகம் செய்யாதவன் வாரிசாகான் என்று அவர் குமாரரும் பேரர் லூயி பெர்டினாண்டும் 1938-ல் ஒப்பந்தம் எழுதினர்! லூயியின் மூத்த குமாரர் இதனால் விலக்கப்பட்டார்.

இவ்விதி செல்லுமென 1998-ல் சமஷ்டி நீதிமன்றம் கூறிற்று. விவாக சுதந்திரம் போதிய அளவு கவனிக்கப்படவில்லையென்று 2004-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. இதை நாம் மனமார வரவேற்கிறோம். தன் பொருளை விரும்பியவருக்கு அளிக்க எவருக்கும் பாத்தியமுண்டு. இல்லாத சிம்மாசனத்தைக் காட்டிப் பிறர் விவாகத்தை ஆள எவருக்கும் பாத்தியமில்லை.

சிம்மாசனம் ஒரு நாளில் கவிழ்ந்தது. சாசனத்தில் பதுங்கிய குலச்செருக்கை அசைக்கவோ எண்பத்தாறு வருஷம் பிடித்தது. குடியரசை விரும்புவோர் இதை மறவாதிருப்பாராக.