ஈரமில்லாத இடத்தில் ஒரு கிருமி

2022 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரு சந்தேகம் கிளம்பியது. வெவ்வேறு ஊர்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்தவர்களின் மலத்தில் கிடைத்த சால்மோனெல்லா கிருமிகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாக இருந்தன. இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 48 லட்சம் எழுத்துகள். அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய வித்தியாசமே இருந்தால், எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று கொள்ளலாம். நோயாளிகளில் பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

எந்த இடம் என்பதை மரபணு சொல்லாது. அதற்குப் பழைய வழிதான்: காய்ச்சலுக்கு முந்தின நாட்களில் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று பெற்றோரைக் குடைந்து கேட்பது. சால்மோனெல்லா என்றாலே கோழி, முட்டை மீதுதான் முதல் சந்தேகம் போகும். ஆனால் திரும்பத் திரும்ப வந்த பெயர் கிண்டர் சாக்லேட். தடம் பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரிலுள்ள ஆலையில் போய் நின்றது.

சாக்லேட்டில் கிருமியா? அதில் ஈரம் சொற்பம், கிருமி பெருகாது. ஆனால் சாகவும் சாகாது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈரமற்ற கொழுப்புக்குள் இருக்கும்போது சூட்டையும் தாங்கும். பாலில் அதைக் கொல்லும் சூடு இங்கே பலிக்காது. விழுங்கிய பின் இரைப்பை அமிலத்திலிருந்தும் கொழுப்பு அதைக் காக்கிறது என்கிறார்கள். அதனால் மிகச் சில கிருமிகளே நோய்க்குப் போதும். 1982-இல் இத்தாலிய சாக்லேட்டால் இங்கிலாந்தில் பரவிய நோயிலேயே இது தெரிந்துவிட்டது.

கொடுமை என்னவென்றால், 2021 டிசம்பரிலேயே ஆலையின் சொந்தப் பரிசோதனையில் மோர்த் தொட்டி ஒன்றில் சால்மோனெல்லா சிக்கியிருந்தது. சுத்தம் செய்தார்கள், பரிசோதனைகளைக் கூட்டினார்கள், சரக்கில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் அனுப்பினார்கள். டன் கணக்கான சரக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதைச் சில கிராம் மாதிரியில் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். கழுவுவதிலும் சிக்கல் உண்டு: சாக்லேட் குழாய்களில் தண்ணீர் தங்கினால், அதுவே கிருமி பெருக வழி. என் பார்வையில், ‘இல்லை’ என்ற அந்த முடிவை நம்பியதுதான் பெரிய பிழை; தொட்டியில் கிடைத்த ‘உண்டு’ அதைவிடக் கனமான சாட்சி.

2022-இல் ஈஸ்டர் ஏப்ரல் 17. சாக்லேட் விற்பனை உச்சத்தில் இருக்கும் காலம். ஏப்ரல் தொடக்கத்தில் சரக்கைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். 8-ஆம் தேதி பெல்ஜிய உணவுப் பாதுகாப்பு முகமை ஆலையை மூடச் சொன்னது. அதற்குள் சாக்லேட் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருந்தது. மே நடுவில் ஐரோப்பாவில் மட்டும் நோயாளிகள் 300-ஐத் தாண்டினார்கள். ஜூன் 17-இல் நிபந்தனைகளோடு ஆலை திறக்க அனுமதி கிடைத்தது.