பல் கறுத்தால் நல்ல சேதி... தெரியுமா?

ஒரே ஒரு சொட்டு மருந்து. ஊசி கிடையாது, டிரில் சத்தம் கிடையாது, அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க வேண்டியதும் இல்லை. சொத்தை விழுந்த இடத்தில் அதைத் தொட்டு வைத்தால், பலருக்குச் சொத்தை அதற்குமேல் நகராமல் அப்படியே நின்றுவிடுகிறது! கைவைத்தியமா? இல்லவே இல்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனமே தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட மருந்து இது. அதன் கதைக்குப் போவதற்குள், அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்த்துவிடுவோம். பல்லின் வேரை! (வேர் என்றதும் 'ரூட் கெனால்' என்று பதற வேண்டாம். அது பல்லுக்குள்ளே இருக்கும் நரம்பின் விவகாரம். நாம் பேசுவது வேரின் வெளிப்பக்கத்தில் விழும் சொத்தை.)

நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் எனாமல், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அந்தக் கவசம் பல்லின் கழுத்தோடு முடிந்துபோகிறது, தெரியுமா? அதற்குக் கீழே வேரைப் போர்த்தியிருப்பது சிமென்டம் என்ற மெல்லிய படலம். கழுத்துப் பக்கத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்! அதற்கும் உள்ளே டென்டின். அதில் தாது சுமார் 70 சதவீதம்தான். மீதி புரதமும் தண்ணீரும். ஈறு மூடியிருக்கும்வரை கவலையில்லை. வயதாகி ஈறு இறங்கினாலோ, முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து நாமே இறக்கிவிட்டாலோ வேர் வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது.

வந்தால் என்ன ஆகும்? எனாமல் கரைய வேண்டுமானால் வாயின் பிஎச் அளவு 5.5 வரை இறங்க வேண்டும். வேருக்கு அவ்வளவு தேவையே இல்லை. 6.2 முதல் 6.7 வரையிலான அளவிலேயே அது கரையத் தொடங்கிவிடுகிறது. அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலையே 7 தானே! டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு வாயைக்கூடக் கொப்பளிக்காமல் படுத்துவிடும் தாத்தாவுக்கு பல்லின் மேற்பகுதி தப்பித்தாலும் வேர் தப்பிக்காதது இதனால்தான். அதோடு முடிந்ததா? அமிலம் தாதுவைக் கரைத்தபின் அம்மணமாக நிற்கும் கொலாஜன் புரதத்தை நொதிகள் தின்னத் தொடங்குகின்றன. அந்த நொதிகள் எல்லாமே கிருமிகளுடையவை அல்ல. நம்முடைய டென்டினிலும் உமிழ்நீரிலும் இருப்பவையும் அந்த விருந்தில் சேர்ந்துகொள்கின்றன!

இது ஏதோ நவீன வாழ்க்கை கொடுத்த வியாதி என்று நினைத்தால் இன்னொரு ஆச்சரியம். இங்கிலாந்தில் பழைய மண்டையோடுகளைத் தோண்டி எடுத்துப் பல் பல்லாகப் பார்த்திருக்கிறார்கள். இடைக்காலத்து மனிதர்களுக்குச் சொத்தை பெரும்பாலும் விழுந்தது கடிக்கும் பரப்பில் அல்ல, எனாமலும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதியில்! கரடுமுரடான சாப்பாடு மேற்பரப்பின் பள்ளங்களைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டது. சர்க்கரை மலிந்த பிறகுதான் சொத்தை மாடி ஏறியது. இப்போது மனிதர்கள் 80 வயதிலும் சொந்தப் பல்லோடு இருப்பதால் பழைய ஆள் திரும்பி வந்திருக்கிறான்.

சரி, சொட்டு மருந்துக்கு வருவோம். பெயர் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு. பல் டாக்டர்கள் சுருக்கமாக எஸ்டிஎஃப் என்பார்கள். வெள்ளி, அம்மோனியா, ஃப்ளோரைடு மூன்றும் சேர்ந்த கரைசல். 1960-களின் கடைசியில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் உருவானது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது எப்போது தெரியுமா? 2014-ல்! அதுவும் சொத்தைக்கு அல்ல, பல் கூச்சத்துக்கு. ஏறக்குறைய 45 ஆண்டு தாமதம். என் அபிப்பிராயம், இதற்கு அதன் நிறமும் ஒரு காரணம்.

அது என்ன நிறம்? மருந்து வைப்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் புரியும். உதட்டிலும் ஈறிலும் கொஞ்சம் வாசலின் தடவுகிறார் டாக்டர். பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, சொத்தை இடத்தை உலர்த்துகிறார். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டே நாலைந்து பல்லுக்குக் காணும். ஊசிமுனை அளவு பிரஷ்ஷை அதில் தோய்த்துச் சொத்தையின் மேல் வைத்து ஒரு நிமிடம் தேய்க்கிறார். மூக்கில் லேசான அம்மோனியா நெடி, நாக்கில் உலோகச் சுவை. முடிந்தது! பழுப்பாக இருந்த சொத்தை அடுத்த சில நாட்களுக்குள் கன்னங்கரேல் என்று மாறிவிடும். நல்ல எனாமல் கறுக்காது. சொத்தை மட்டும்தான் கறுக்கும். தப்பித் தவறி விரலில் பட்டால் ஓரிரு வாரம் கறை இருந்து தானே போய்விடும். சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான்.

'ஐயோ கறுப்பா!' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு ரகசியம். வேர்ச்சொத்தையில் நிறத்தைவிடத் தொடும் பதம்தான் முக்கியம். கருவியால் மெதுவாகத் தொட்டால் ஊறிய தோலைப் போல மெத்தென்று இருந்தால் சொத்தை உயிரோடு பரவிக்கொண்டிருக்கிறது. கெட்டியாக, பளபளப்பாக, கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டம் அடங்கிவிட்டது. வெளிர் மஞ்சளாக அழகாக இருப்பதுதான் பல சமயம் ஆபத்தானது!

கறுப்பே வேண்டாம் என்றால், மருந்தின் மேலேயே பொட்டாசியம் அயோடைடு தடவிக் கறையைக் குறைக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பார்கள். அயோடைடு தடவும்போது பல்லின் மேல் உண்டாவது சில்வர் அயோடைடு. மேகத்தில் தூவிச் செயற்கை மழைக்கு முயல்கிறார்களே, அதே பொருள்! ஜப்பானியர்களோ ஒரு காலத்தில் காசு செலவழித்துப் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள். ஒஹாகுரோ என்ற அந்த வழக்கத்தில் இரும்பைப் புளிக்காடியில் ஊறவைத்து, துவர்ப்புப் பொடி சேர்த்துப் பூசினார்கள். அழகுக்கு அழகு, சொத்தைக்கும் காவல் என்று நம்பினார்கள். மெய்ஜி காலத்தில், 1870-ல், அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்கும் அரசு தடை போட்டது.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது தெரிந்த சங்கதி. செத்த கிருமியும் கொல்லும் என்பது தெரியுமா? ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015-ல் இதைக் காட்டினார்கள். வெள்ளியால் செத்த பாக்டீரியாக்களை உயிருள்ள பாக்டீரியாக்களோடு கலந்தபோது, பிணத்தில் சேர்ந்திருந்த வெள்ளி கசிந்து மற்றதையும் கொன்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஸாம்பி' விளைவு! சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில், வாயில் அல்ல. ஆனாலும் மயிர்க்கூச்செறிகிறது, இல்லையா?

கதை கிடக்கட்டும், கணக்கு என்ன சொல்கிறது? ஹாங்காங்கில் முதியோர் இல்லங்களில் இருந்த 306 பேரை நான்கு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பல் பராமரிப்பு அறிவுரை எல்லாருக்கும் உண்டு. அறிவுரை மட்டும் கேட்டவர்களுக்குச் சராசரியாக 2.5 வேர்ப்பரப்புகளில் புதிதாகச் சொத்தை விழுந்தது. மூன்று மாதத்துக்கொரு முறை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வார்னிஷ் பூசியவர்களுக்கு 1.1. அதே இடைவெளியில் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசியவர்களுக்கு 0.9. எஸ்டிஎஃப் வைத்தவர்களுக்கு 0.7! மூன்று மருந்துமே நன்றாக வேலை செய்தன என்பதுதான் நியாயமான தீர்ப்பு. ஆனால் எஸ்டிஎஃப் வைத்தது வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. எழுந்து நடக்க முடியாத பாட்டியை மூன்று மாதத்துக்கொரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும்.

பற்பசையிலும் வித்தை உண்டு. இந்தியாவில் கடைப் பற்பசைக்கு ஃப்ளோரைடு உச்சவரம்பு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). வேர்ச்சொத்தைக்கு அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் 2018-ல் முதலிடம் கொடுத்ததோ 5000 பிபிஎம் பற்பசைக்கு! அங்கே டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில் ஆறே மாதத்தில், அந்தப் பசை போட்டவர்களில் பாதிப் பேருக்குச் சொத்தை கெட்டிப்பட்டது. சாதாரணப் பசை போட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். வார்னிஷில் 22,600 பிபிஎம், எஸ்டிஎஃப்பில் 44,800. அளவைப் பார்த்துத் தலைசுற்ற வேண்டாம், தடவுவது துளியூண்டு.

'தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடால்தானே பல்லே பழுப்பாகிறது?' என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் இதே பழுப்புக் கறையை 1901-ல் கவனிக்கத் தொடங்கியவர் ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் டாக்டர். காரணம் ஃப்ளோரைடு என்று கண்டுபிடிக்க 1931 ஆயிற்று. ஆனால் அந்தக் கறை, தாடைக்குள் பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீரால் வருவது. 60 வயதுப் பல்லின் மேல் தடவினால் வராது.

உமிழ்நீரை விட்டுவிட்டால் பாவம். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை இலவசமாகச் சுரந்து அமிலத்தைத் துடைக்கும் மருந்து அது! தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுபோகிறது. ராத்திரி பல் தேய்க்கச் சொல்வது அதற்காகத்தான். ரத்த அழுத்தம், அலர்ஜி, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான பல மாத்திரைகளும் வாயை வறளவைக்கும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குச் சுரப்பியே அடிபட்டு, பல்லின் கழுத்தைச் சுற்றிச் சொத்தை வளையம் போட்டுவிடும். அவர்கள் தினமும் ஃப்ளோரைடு ஜெல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

எஸ்டிஎஃப் எல்லாருக்கும் அல்ல. வெள்ளி அலர்ஜி உள்ளவர்களுக்கும் ஈறில் புண் உள்ளவர்களுக்கும் ஆகாது. சொத்தை நரம்பைத் தொட்டு ராத்திரி தூக்கம் போகுமளவு வலி வந்துவிட்டால் இந்தச் சொட்டு உதவாது. வீட்டில் வாங்கி வைத்துத் தடவும் சமாச்சாரமும் இல்லை.

இன்று ராத்திரியே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. பல் தேய்த்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடு வாயிலேயே கொஞ்ச நேரம் தங்கட்டும். உமிக்கரி, செங்கல் பொடி போட்டுத் தேய்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மென்மையான பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடுத்த தடவை அவர்களைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகும்போது, 'வேர்ப்பக்கம் சொத்தை இருக்கா டாக்டர்? மெத்துன்னு இருக்கா, கெட்டியா இருக்கா? எஸ்டிஎஃப் வைக்கலாமா?' என்று நீங்களாகவே கேளுங்கள்.